உள்ளங்கையில் விழுந்த தண்ணீர்

சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வேலிக்கருவை மரங்களுக்கு இடையே ஒரு மணற்பாதை பழவேற்காட்டு ஏரியை நோக்கி இறங்குகிறது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, தாவீது அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஓட்ட முடியாத அளவுக்கு மணல். பின்னிருக்கையில் கட்டியிருந்த ரெக்சின் பைக்குள் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசி, அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முணுமுணுத்தன.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருட்டும் மில் ஒன்றில், முப்பது ஆண்டுகளாகப் பம்புகளைப் பராமரிப்பவர் அவர். பழுத்த இரும்பைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒரு நிமிடம் நின்றாலும் அந்த மில் நின்றுவிடும். ஆகவே தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்பதைக் குழாயைத் தொட்டே சொல்லிவிடும் கை அவருக்கு வாய்த்திருந்தது. அந்தக் கையை நம்பித்தான் தம்பி மனைவி ஆரோக்கியமேரி தொலைபேசியில் அழைத்திருந்தாள். எட்டு மாதங்களில் அதுவே முதல் அழைப்பு.

அழைத்தவள் நலம் விசாரிக்கவில்லை.

"மாமா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். வால்வைத் தொறக்காம போனாருன்னு எல்லாரும் சொல்றீங்களே. தண்ணியே வராத இன்ஜின்ல அவரு உள்ளங்கை எப்பிடி மாமா வெந்துச்சி?"

மூன்று நாள்களாக அந்தக் கேள்வி தாவீதோடு வேலைக்கு வந்து, அவரோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தோணி அவருடைய ஒரே தம்பி. அண்ணன் வாங்கித் தந்த வேலையில், அதே மில்லின் உருளைப் பிரிவில், இடக்கை மோதிர விரலின் பாதியை இழந்தவன். "மிச்சம் கீற ஒம்போதரை வெரலையாவது பத்தரமா வெச்சிக்கறேண்ணா" என்று சிரித்துவிட்டு மனைவியின் ஊரான இந்தக் குப்பத்துக்கே வந்தான். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினான். அதன் பக்கத்தில் மகள் ஷைனியின் பெயரை எழுதினான்.

அந்தப் படகின் இன்ஜின் ஏரித் தண்ணீரைக் குடித்துத்தான் குளிரும். அடிப்பகுதி வால்வின் வழியே ஏறும் தண்ணீரைப் பம்பு இன்ஜினுக்குள் தள்ளும். சுற்றி வந்த தண்ணீர் இடப்பக்கத்துக் குழாய் வழியாக வெளியே விழும். ஓட்டுகிறவர்கள் அவ்வப்போது அந்தத் தண்ணீரில் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பது வழக்கம். குளிர்ந்திருந்தால் கவலையில்லை. சூடாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தோணியோ எந்நேரமும் அப்படியே இருப்பான். வலக்கை சுக்கானில், இடக்கை தண்ணீரில்.

சென்ற ஐப்பசியில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகே, இன்ஜின் கொதித்து நின்றுபோயிற்று. மழைவெள்ளம் கடலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த நேரம். படகு கவிழ்ந்தது. மறுநாள் காலையில் மணல்திட்டில் அந்தோணி கிடந்தான்.

கரைக்கு இழுத்து வந்த படகைப் பார்த்துவிட்டுப் பொன்னேரி மெக்கானிக் வசந்தகுமார் தீர்ப்புச் சொன்னான்: "வால்வு மூடியே கீது. தண்ணிய தொறக்காமலே ஓட்டிக்கினு போயிருக்கான். சரக்கு போட்டிருப்பான்." ஊர் நம்பியது. தாவீதும் நம்பினார். நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருந்தது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, வேலை நேரத்தில், தம்பி அவரை அழைத்திருந்தான். "தண்ணி சூடா வருதுண்ணா." "வால்வ முழுசா தொறந்தியா பாருடா" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நம்பியதோடு அவர் நிற்கவுமில்லை. கல்லறைத் தோட்டத்தில், குழியை மூடுவதற்கு முன், எல்லாருக்கும் கேட்கும்படி, "வால்வைத் தொறக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா போட்டு?" என்று கத்தி அழுதார். அழுகையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். சொல்லை ஒருவரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஷைனியிடம் பிள்ளைகள் கேட்டதும் அதே சொல்லைத்தான்.

பாழடைந்த ஐஸ் கம்பெனியின் நிழல் ஏரியில் விழும் இடத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், படகு கட்டப்பட்டிருந்தது. கூரையில்லாத அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து அழுகிய பாசியின் வாடை வந்தது. பத்துப் பன்னிரண்டு படகுகள் நிற்கக்கூடிய கரை அது. இந்தப் படகுக்கு இருபுறமும் மட்டும் எவரும் படகு கட்டவில்லை.

மேரி கரையில் நின்றிருந்தாள்.

"வாங்க மாமா. சோறு துன்னீங்களா?"

"ஆச்சிம்மா."

"போட்டு ஓடணும்னு ஒங்கள கூப்புடல. ஓடலன்னா நான் எறாலு கம்பெனி வேலைக்குப் போய்க்குவேன். அவரு மேல தப்பா, இல்லியா? அது ஒன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். எம் பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்."

"மெக்கானிக்கு இன்னா சொல்றான்?"

"பிஸ்டன் மாத்திட்டேன்னு சொல்லிக்கினு போனாரு. போட்டா பத்தே நிமிசத்துல கொதிக்குது. போன் பண்ணா நாளிக்கி. எட்டு மாசமா நாளிக்கி."

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராமலிருப்பதை இந்நாட்டில் எவரும் பொய் என்று சொல்வதில்லை. மெக்கானிக் என்றால் அப்படித்தான் என்று சிரித்துவிடுகிறார்கள். அவனும் அந்தச் சிரிப்பின் நிழலிலேயே உட்கார்ந்து பிழைத்துக்கொள்கிறான். தாவீதுக்கு முப்பது ஆண்டுகளாக அந்தச் சிரிப்பு பிடிக்காது. அவர் உடனே வசந்தகுமாரின் எண்ணை அழுத்தினார்.

"ண்ணா! வந்துகினே கீறேண்ணா. எளாவூர் செக்போஸ்ட்ல லாரி ஜாம். அரை அவர்ல அங்க நிப்பேன்."

அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஒலிபெருக்கி, அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் கடம்பத்தூர் நிலையத்தின் இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருப்பதைத் திருத்தமான தமிழில் அறிவித்தது.

"எளாவூருக்கு எப்பய்யா அரக்கோணம் ரயிலு வுட்டாங்க?"

"பேஜாரு பண்ணாதண்ணா. நாளிக்கி காலையில கண்டிசனா..."

"நீ வர வேணாம் நைனா. நானே பாத்துக்கறேன்."

"ண்ணா." குரல் சட்டென்று தணிந்தது. "தனியா இன்ஜின போடாத. போட்டின்னாலும்... அந்தத் தண்ணி வுழுதே, அந்த எடத்தப் பாக்காத."

தொடர்பு அறுந்தது.

மேரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

தாவீது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். வேலையை எப்போதும் தண்ணீர் வரும் வழியிலேயே தொடங்க வேண்டும் என்பது அவருடைய முறை. முதலில் அடியில் உள்ள வால்வு. முழுவதும் திறந்து, துருவில்லாமல் சுழன்றது. அதன் சல்லடையில் இரண்டு பாசி இழைகள், அவ்வளவுதான். அடுத்து பம்பு. நான்கு திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தார். தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்தின் ஆறு இதழ்களும் புத்தம் புதியவை, ஒன்றுகூடக் கிழியவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. வெளிவாய்க் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். எதிலும் இடிக்காமல் உள்ளே போய் வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். "போட்டுப் பாக்கறேன்."

இன்ஜின் இரண்டாவது சுழற்றலிலேயே பிடித்துக்கொண்டது. நீலப்புகை தண்ணீரின் மேல் படர்ந்தது. இடப்பக்கத்துக் குழாய் வாயிலிருந்து தண்ணீர் விழத் தொடங்கிற்று. சுண்டுவிரல் பருமனுக்குத்தான் வந்தது. கட்டைவிரல் பருமனாவது வரவேண்டும்.

அவர் உள்ளங்கையை நீட்டினார். வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து நீட்டினார். கை தானாகப் பின்வாங்கியது. சூடேறிய ரப்பரின் வாடை எழுந்தது. மேற்கே, தொழிற்பேட்டைப் பக்கம், மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏரியின் நிறம் ஈயமாக மாறியது. காற்று அடங்கிவிட்டது.

அப்போது தண்ணீரின் ஓசை மாறிற்று.

அதுவரை நேராக ஏரியில் விழுந்து சளசளத்த தண்ணீர், இப்போது பாதி வழியிலேயே எதிலோ பட்டுச் சிதறியது. குழாய்க்கு ஒரு சாண் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில், அது பரந்து வழிந்தது. இழை இழையாகப் பிரிந்தது.

தாவீது கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் நேராக விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மேரி, கரையிலிருந்தபடி.

"இன்னாத்த?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒன்னுமில்ல மாமா. வேலையப் பாருங்க."

அவர் இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் உள்ளே வருகிறது, பம்பு தள்ளுகிறது, வெளிவாய் திறந்திருக்கிறது. அப்படியானால் அடைப்பு பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். அங்கே இருப்பது ஒரே ஒரு வளைகுழாய். இன்ஜினுக்கு அடியில், பள்ளத்துக்குள் குப்புறப்படுத்துக் கையை நீட்டினால்தான் அது எட்டும். எட்டாத இடத்தை எந்தச் சோம்பேறி பார்ப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு அவர் படுத்தார்.

உள்ளே டீசலும் உப்பும் கலந்த இருட்டு. கன்னத்துக்கு அருகே இன்ஜின் அனல் வீசியது. சூடான இரும்பு குளிரும்போது எழுப்பும் 'டிக், டிக்' ஓசை மட்டும் கேட்டது.

பிறகு, வெளியே, தண்ணீர் விழும் ஓசை.

இன்ஜின் ஓடவில்லை. குழாயில் தண்ணீர் வர வழியே இல்லை.

சளசளவென்று விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. நின்றது. யாரோ அதற்கடியில் கையை நீட்டுவதும் எடுப்பதுமாக இருப்பதுபோல.

"மேரி, தண்ணி ஊத்தறியாம்மா?"

"நான் கரையில கீறேன் மாமா."

குரல் தொலைவிலிருந்து வந்தது.

ஓசை முற்றிலும் நின்றது. பள்ளத்துக்குள் அனல் இருந்த இடத்தில், கழுத்தருகே, ஈரமான குளிர்ச்சி ஒன்று இறங்கியது. மூடியின் இடுக்கு வழியே வந்த மங்கிய வெளிச்சத்தில், படகின் உட்சுவரில், ஒரு கறை தெரிந்தது.

கறையன்று. உள்ளங்கை.

ஈரத்தால் பதிந்த ஓர் இடக்கை உள்ளங்கை. அதிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மோதிர விரல் பாதியோடு முடிந்திருந்தது.

"தம்பி..." என்றார்.

அந்தக் கைத்தடம் இருந்த இடத்துக்கு நேர் கீழே, வளைகுழாய். அவர் விரல்கள் அதைத் தடவின. கிரீஸ் படிந்த ஒரு துணிக்கிழிசல் அதன்மேல் கட்டியிருந்தது. கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு சுற்று, நுனியை உள்ளே மடித்து ஒரு முடிச்சு. அந்த முடிச்சை விரல்களுக்குத் தெரியும்.

அது அவருடைய முடிச்சு.

கிழிசலை அவிழ்த்து, கிளிப்பைத் தளர்த்திக் குழாயைப் பிடுங்கினார். ஒரு விரல் ஆழத்தில், கறுத்து, கல்லைப்போல இறுகி, ஒரு துணிப்பந்து இருந்தது. திருப்புளியால் நெம்பியதும் அது அவர் உள்ளங்கையில் விழுந்தது.

மில்லின் பம்புப் பிரிவில் ஒரு விதி உண்டு. கழற்றிய குழாயின் வாயைத் திறந்து போடக் கூடாது. பனியன் வேஸ்ட் எனும் கழிவுத் துணியை உருட்டி உள்ளே அடைத்து, குழாயின்மேல் சிவப்புத் துணி கட்ட வேண்டும். சிவப்பு இருந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது என்று பொருள். அடைப்பை எடுத்த பிறகே சிவப்பை அவிழ்க்க வேண்டும். பம்புப் பிரிவில் அது எல்லாருக்கும் தெரியும். உருளைகளில் வேலை பார்த்த அந்தோணி உட்பட, பிரிவுக்கு வெளியே எவருக்கும் தெரியாது.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்க வந்திருந்தார். வசந்தகுமார் பம்பைக் கழற்றிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய் மூன்று நாளாகியிருந்தது. குழாயின் வாய் திறந்து கிடந்தது. அந்தோணி தேநீர் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே, பையிலிருந்த வேஸ்ட்டை உருட்டி அடைத்தார். சிவப்புக் கிழிசலைக் கட்டினார். பிறகு தேநீர் குடித்தார்கள். ஷைனியின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். மழை வருமுன் அவர் கிளம்பிவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. முப்பதாண்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்த வேலை. மனம் அதைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.

"ண்ணா." வசந்தகுமார் கிசுகிசுத்தான். "போட்டியா?"

"போட்டேன்."

"பாத்தியா?"

தாவீது உட்சுவரைப் பார்த்தார். கைத்தடம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"நான் ரெண்டு வாட்டி பாத்தேண்ணா. தண்ணி அப்பிடியே வெரலு வெரலா பிரியுது. ஒரு வெரலு குட்டை. அதுக்கப்புறம் அந்தக் கரைக்கு என் காலு வரமாட்டேங்குது. நாளிக்கி நாளிக்கின்னு சொல்றேன். வேற இன்னா சொல்றது?"

"வால்வு மூடி இருந்துச்சின்னு சொன்னியே."

"தொறந்துதான் இருந்துச்சி. அவன் டெய்லி போன் பண்ணான்ணா. தண்ணி கம்மியா வருது, சூடா வருதுன்னான். மெதுவா ஓட்டு, நாளிக்கி வரேன்னேன். செத்துட்டான். ஊரே என்னப் பாக்குது. நான் இன்னா பண்ணுவேன்? வாயில வந்தத சொல்லிட்டேன்." அவன் விசும்பினான். "ஆனா எதனால சூடாச்சின்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா. உனுக்குத் தெரிஞ்சிதா?"

தாவீது தொடர்பைத் துண்டித்தார்.

இப்போது எல்லாம் அவர் கையில் இருந்தது. பொய் சொன்னவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். குழாயை மாட்டியவனும் அவனே. உள்ளே பார்க்காதவனும் அவனே. இந்தத் துணிப்பந்தை ஏரியில் எறிந்துவிட்டு, எல்லாம் மெக்கானிக்கின் வேலை என்று சொன்னால், அதை மறுப்பதற்கு ஓர் உயிர்கூட இல்லை.

அவர் மேலே வந்தபோது மேரி தண்ணீரில் இறங்கிப் படகருகே நின்றிருந்தாள். அவர் கையிலிருந்த சிவப்புக் கிழிசலைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அவள் முகம் எட்டு மாதங்களில் முதன்முறையாக இளகிற்று.

"அத ஏன் மாமா அவுத்தீங்க? நீங்க கட்டின திருஷ்டித் துணி அது."

தாவீது படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பம்பு மாட்டச்சே மெக்கானிக்கு அறுக்கத்தான் பாத்தாரு. இவருதான் வுடல. 'கைய வெக்காத, எங்க அண்ணன் கட்டினது'ன்னாரு. அல்லாரும் போட்டுல செவப்புத் துணி கட்றாங்களே, அது மாதிரின்னு நெனச்சிக்கினாரு. சர்ச்சுக்குப் போறவங்க திருஷ்டி கட்டலாமான்னு நான்கூட கிண்டல் பண்ணேன். 'அண்ணன் கட்னா அது திருஷ்டி இல்லடி, நம்ம மேல கீற உசுரு'ன்னாரு."

முதல் மழைத்துளி இன்ஜின் மூடியின்மேல் விழுந்து சீறியது.

"மேரி." அவர் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "இது திருஷ்டித் துணி இல்லம்மா."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மில்லின் விதியைச் சொன்னார். துணிப்பந்தைக் காட்டினார். வால்வு திறந்திருந்ததைச் சொன்னார். தம்பி அழைத்தபோது தாம் சொன்ன பதிலையும் சொன்னார். சொல்லும்போது ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை. அவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

மேரி அழவில்லை. துணிப்பந்தைக் கையில் வாங்கி, அதன் எடையைப் பார்ப்பவள்போல, நெடுநேரம் வைத்திருந்தாள்.

"அப்போ அவரு வால்வைத் தொறந்தாரு."

"தொறந்தான்மா."

"தண்ணியப் பாத்துக்கினுதான் இருந்தாரு."

"கடைசி வரைக்கும் கைய எடுக்கலம்மா."

அவள் தலையசைத்தாள். பந்தை அவரிடமே திருப்பித் தந்தாள்.

"ஷைனிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. கல்லறையில சொன்ன மாதிரி, அல்லாரும் கேக்கறாப்புல சொல்லுங்க. இத கட்டினது யாருன்றதையும் சேத்து. அது வரிக்கும் எங்க ஊட்டுப் படிய மிதிக்காதீங்க மாமா."

மன்னிப்பா, தண்டனையா என்று தாவீது கேட்கவில்லை. குழாயை மாட்டினார். கிளிப்பை இறுக்கினார். இன்ஜினைச் சுழற்றினார்.

கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்து வந்தது. பத்து நிமிடம் ஓடியது. இருபது நிமிடம் ஓடியது. மேரி உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.

"சில்லுனு கீது" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர் நேராக விழவில்லை.

அவள் கையை எடுத்த பிறகும், அதே இடத்தில், அது பட்டுச் சிதறியது. விரல் விரலாகப் பிரிந்து வழிந்தது. மூன்று நெடுந்தாரைகள், அவற்றுக்கு நடுவே ஒரு குட்டைத் தாரை, ஓரமாகக் கட்டைவிரலின் வளைவு. மழை வலுத்துக்கொண்டிருந்தது. இருவரும் நனைந்தபடி, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீசல் தீரும்வரை இன்ஜினை நிறுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குப்பத்துத் தேவாலயத்தில், பூசை முடிந்ததும், தாவீது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஷைனி முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு இப்போது ஓடுகிறது. மேரியே ஓட்டுகிறாள்.

அந்தப் பூசைக்கு மறுநாள் மில்லில், இரண்டாம் எண் பம்பைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். தலைக்கு மேலிருந்த குழாயின் வாய் கீழ்நோக்கித் திறந்திருந்தது. தாவீது வேஸ்ட்டை உருட்டி அடைத்தார். சிவப்புத் துணியைக் கட்டினார். இம்முறை, உடன் வேலை செய்யும் ஸ்டீபனிடம் வாய்திறந்தும் சொன்னார். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது, துணிப்பந்து பம்பு மேடையின்மேல் இருந்தது. சிவப்புத் துணி அவிழ்க்கப்பட்டு, நான்காக மடித்து, அதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"யாராவது வந்தாங்களா ஸ்டீபன்?"

"யாரும் வரலண்ணா. நான் இங்கியேதான் குந்திகினு கீறேன்."

மறுபடி அடைத்தார். கருவியை எடுக்கத் திரும்பினார். மறுபடி அது மேடையின்மேல் இருந்தது.

தாவீது மூன்றாம் முறை அடைக்கவில்லை. அந்தக் குழாயின் தண்ணீரைக் காலையிலேயே வடித்தாயிற்று. வால்வுகளை மூடிப் பூட்டும் போட்டாயிற்று. அதற்குள் ஒரு சொட்டுக்கூட இருக்க வழியில்லை. அவர் அதன் கீழே போய் நின்றார். மெல்ல, இடக்கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. உருளைகள் இரும்பை நசுக்கும் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு அவர் உள்ளங்கையில் தண்ணீர் விழுந்தது.

நாவில் வைத்துப் பார்த்தார். ஏரித் தண்ணீரைப்போல உப்புக் கரித்தது.

குளிர்ந்திருந்தது.